சில்லின் அடியில் ஒரு காலி வட்டம்

பழவேற்காட்டில் என் சித்தி வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. கிளிஞ்சல், சோழி, வளையல் துண்டு, கலர் கலராய் பாட்டில் மூடி என்று அவர் பேத்தியின் சொத்தெல்லாம் அதில்தான். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அவள் டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். குவியலில் ஒன்று மட்டும் ஈரம் பட்டதுபோல மின்னியது. எடுத்துப் பார்த்தேன். பீங்கான்.

"பொண்ணுங்க பாண்டி ஆடுற சில்லுடா அது" என்றார் சித்தி. "கக்கூஸுக்குக் குழி தோண்டும்போது வந்துது. ஓட்டுச் சில்லைவிட இது நல்லா வழுக்கிக்கினு போவுதாம். அன்னிலேருந்து அதுதான்."

உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. ஏதோ ஒரு சின்னக் கிண்ணத்தின் அடிப்பாகம். சுற்றுச்சுவர் முழுக்க உடைந்துபோய், அடியும் அதைத் தாங்கும் வளையமும் மட்டும் மிஞ்சியிருந்தன. ஓரங்கள் சிமென்ட் தரையில் உரசி மழுங்கியிருந்தன. மெருகு பூசாத அந்த அடி வளையத்தை விரலால் தடவினால் நெருநெருவென்று இருந்தது. பீங்கான் மண்ணின் அசல் நிறம் அங்கேதான் தெரியும், பால் வெள்ளை. உள்பக்கம் ஒரு பூவோ இலையோ, நீலத்தில், பாதியோடு நின்றிருந்தது. புரட்டினேன். கண்ணாடி போன்ற மெருகுக்குக் கீழே இரண்டு நீல வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்று. கையால் போட்டவை. தூரிகை தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேருமிடத்தில் கோடு கொஞ்சம் தடித்திருந்தது. வட்டத்துக்கு நடுவில் எழுத்து இருக்க வேண்டும். இல்லை.

சித்தி மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறான். பொன்னேரி வரை பைக், அங்கிருந்து கம்பெனி வேன். உதிரிபாகங்களில் எண்ணும் எழுத்தும் பொறிக்கும் லேசர் மார்க்கிங் மெஷின் அவன் பொறுப்பு. சில்லை அவனிடம் நீட்டினேன். வாங்கிப் புரட்டிப் பார்த்து ஒரே நொடியில் தீர்ப்புச் சொன்னான்: "வட்டம் போட்டவன் போட்டுட்டான். உள்ள எழுதுறவன் விட்டுட்டான். அடுத்த ஸ்டேஷன்ல மிஸ் ஆயிருக்கும்ணா. எங்க லைன்ல வந்தா ரிஜெக்ட்."

முந்நூறு வருடத்துக்கு முந்தைய சீனத்துத் தொழிற்கூடத்தை அவன் ஒரே வாக்கியத்தில் பாதி சரியாகச் சொல்லிவிட்டான். மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சீனப் பீங்கானின் அடியில் இருக்கும் எழுத்து பெரும்பாலும் ஆறு. இரண்டு வரிசையாக, மேலிருந்து கீழாக. வலப்பக்க வரிசையை முதலில் படிக்க வேண்டும். மிங் அரசர் செங்ஹுவா காலத்தது என்றால், 'தா மிங் செங்ஹுவா நியன் ஜி'. பெரிய மிங் அரசில், செங்ஹுவா ஆண்டுகளில் செய்தது என்று பொருள். சீனம் தெரியாதவர்கூடச் சில எழுத்துகளைப் பழகிக்கொள்ளலாம். முதல் எழுத்து 'தா', ஒரு ஆள் கையைக் காலை விரித்து நிற்பதுபோல இருக்கும். அடுத்த 'மிங்'கில் சூரியனும் சந்திரனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கடைசி இரண்டும், 'ஆண்டு', 'செய்தது', எந்த அரசர் வந்தாலும் பெரும்பாலும் மாறாது. நடுவில் இருக்கும் இரண்டு எழுத்துதான் ஆட்சிக்கு ஆட்சி மாறும். இடம் போதாவிட்டால் வம்சப் பெயரை விட்டுவிட்டு நாலே எழுத்து.

இதைச் சுட்ட பிறகு எழுதுவதில்லை. காய்ந்த பச்சைக் கிண்ணத்தின் மேல் கோபால்ட் கலவையைத் தூரிகையில் தொட்டு எழுதி, மேலே மெருகுக் குழம்பைப் பூசி, சுமார் 1300 டிகிரி சூட்டில் வேகவைப்பார்கள். எழுதும்போது கருப்பாகத் தெரியும் கலவை, சூளையிலிருந்து வரும்போது நீலம். எழுத்து மெருகுக்கு அடியில் மாட்டிக்கொள்வதால் சுரண்டினாலும் போகாது. தம்பி இதைக் கேட்டு, "எங்க மார்க்கிங்கும் அப்படித்தான், பெயின்ட் போனாலும் நம்பர் போவாது" என்றான்.

அரசர் பெயர் போடும் வழக்கம் மிங் காலத்தில், 1400-களின் தொடக்கத்தில்தான் ஒழுங்காக வேர்விட்டது. அதற்கு முந்தைய சீனப் பாண்டங்களில் எழுத்தே இல்லை என்பதில்லை, அதன் குணம் வேறு. லோங்சுவான் ஊரின் பச்சை மெருகுக் கிண்ணங்களின் உள்ளே நடுவில் நாலெழுத்து முத்திரை குத்தியிருப்பார்கள்: பொன்னும் மணியும் கூடத்தை நிறைக்கட்டும். நம் கல்லாப்பெட்டி மேல் 'லாபம்' எழுதுவது மாதிரி. இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998-ல் கண்டுபிடித்த கப்பலில் ஏறத்தாழ 60,000 பாண்டங்கள் இருந்தன. அதில் ஒரு சாங்ஷா கிண்ணத்தின் வெளிப்புறத்தில் தேதியே கீறியிருந்தது. நம் கணக்குக்கு கி.பி. 826. கப்பலின் வயதையே அந்த ஒரு கிண்ணம் சொல்லிவிட்டது. 2007-ல் தென்சீனக் கடலிலிருந்து முழுசாகத் தூக்கிய 'நான்ஹாய் 1' கப்பலில் வேறு வகை. பாண்டத்தின் அடியில், மெருகு இல்லாத இடத்தில், மையில் அவசரமாக எழுதிய வியாபாரிகளின் பெயர்கள். எந்த மூட்டை யாருடையது என்று துறைமுகத்தில் பிரித்தெடுக்க எழுதியவை. இவற்றை எழுதியவர்களில் ஒருவர்கூட அரசரை நினைத்துக்கொள்ளவில்லை.

நம் கரைக்கு இந்தப் பாண்டங்கள் வந்தது புது விஷயமல்ல. ராமநாதபுரம் பெரியபட்டினத்தில் 1987-ல் நொபுரு கராஷிமாவும் எ.சுப்பராயலுவும் அகழ்ந்தபோது 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகள் கொத்துக்கொத்தாகக் கிடைத்தன. கங்கைகொண்டசோழபுரம் மாளிகைமேட்டிலும் சீன ஓடு வந்திருக்கிறது. நம் வாயிலேயே சான்று இருக்கிறதே: சீனச்சட்டி, சீனி. 'பீங்கான்' என்ற சொல் மட்டும் பாரசீகத்திலிருந்து வந்தது. பொருள் கிழக்கிலிருந்தும் பெயர் மேற்கிலிருந்தும் வந்து நம் அடுப்படியில் சந்தித்திருக்கின்றன.

பழவேற்காட்டின் கதை இதில் பிந்தையது. 1610-ல் விஜயநகர அரசர் இரண்டாம் வெங்கடரிடம் அனுமதி வாங்கிய டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களின் தலைமையிடம் 1690 வரை இதுதான், பிறகு நாகப்பட்டினம். கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நிற்க, படகுகள் சரக்கை ஏற்றி இறக்கின. இங்கிருந்து போனது துணி. பழவேற்காட்டுத் துணிக்கு மலாய்த் தீவுகளில் இருந்த மவுசுதான் டச்சுக்காரர்களை இந்த உப்பங்கழிக்குக் கொண்டுவந்தது: துணியைக் கொடுத்து அங்கே மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். திரும்பி வரும் கப்பல்கள் படேவியா (இன்றைய ஜகார்த்தா) வழியாக வந்தன. படேவியாவில் சீனத்துப் பாய்மரக் கப்பல்கள் இறக்கிய பீங்கான் மலை மலையாய்க் கிடக்கும். பீங்கானுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. கனம், தண்ணீர் பட்டாலும் கெடாது. கப்பலின் அடித்தட்டில் போட்டால் பாரத்துக்குப் பாரம், சரக்குக்குச் சரக்கு.

டச்சுக் கம்பெனிக்குச் சொந்த முத்திரையும் இருந்தது. வி, ஓ, சி என்ற மூன்று எழுத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னியது. சீனத்தில் வம்சச் சண்டையால் வரத்து தடைபட்டபோது அவர்கள் ஜப்பானின் அரிட்டா சூளைகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அங்கே செய்த நீல வெள்ளைத் தட்டுகளின் நட்ட நடுவில், சாப்பாடு வைக்கும் இடத்தில், கம்பெனி முத்திரை பூவுக்கும் பறவைக்கும் இடையே உட்கார்ந்திருக்கும். அரசர் பெயர் அடியில் ஒளிந்திருந்தது. கம்பெனி பெயர் முகத்தில் ஏறிவிட்டது. இன்றைக்குக் கல்யாணப் பரிசாக வரும் டீ கப்பில் ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தட்டு ஞாபகம் வரும்.

கோட்டை இன்று முட்புதர் மண்டிய ஒரு மேடு. அகழியின் தடம் தெரிகிறது. பக்கத்துக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் ஒழுங்காக இருக்கிறது. வாயிலில் எலும்புக்கூடு செதுக்கிய கல், உள்ளே பாளம் பாளமாய் டச்சு எழுத்து. இறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பெயர், வருடம், குடும்பச் சின்னம். அந்தக் கல்லைப் படித்துவிட்டு வந்து சித்தி வீட்டுச் சில்லைப் பார்த்தால் அதன் காலி வட்டம் இன்னும் காலியாகத் தெரிகிறது.

காலிக்குக் காரணம் உண்டு.

1677-ல், சிங் வம்சத்து காங்சி பேரரசர் காலத்தில், ஜிங்டெசென் சூளைகள் அடங்கிய ஃபூலியாங் வட்டாரத்தின் அதிகாரி ஜாங் சீஜோங் ஓர் உத்தரவு போட்டார். இனிப் பாண்டங்களில் பேரரசரின் ஆட்சிப் பெயரை எழுதக் கூடாது. பாண்டம் என்றைக்கானாலும் உடையும். உடைந்ததைக் குப்பையில் எறிவார்கள். அரசர் பெயர் தெருவில் கிடந்து மிதிபடும். அது அபசாரம்.

நமக்கு இது சட்டென்று புரியும். கால் பட்ட காகிதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊர் இது. சீனத்திலும் எழுத்துப் பட்ட காகிதத்தைக் குப்பையோடு போடாமல் தனியே எரிக்க அடுப்பு கட்டி வைத்திருந்தார்கள். அதிகாரி வெறுமனே விசுவாசம் காட்டினாரா, நிஜமாகவே கூசினாரா, அது அவர் மனசுக்கு. சூளைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் சுவாரசியம். பெயரை விட்டார்கள், வட்டத்தை விடவில்லை. வட்டம் போடுகிறவர் வழக்கம்போல இரட்டை வட்டம் போட்டார். உள்ளே சிலர் ஒரு இலை வரைந்தார்கள், சிலர் தாமரை, சிலர் தூபக்கால். நிறைய பாண்டங்கள் காலி வட்டத்தோடே சூளைக்குள் போயின. காலி வட்டம் ஒன்றை வைத்தே இது அந்தக் காலம்தான் என்று சாதிக்க முடியாது. மண்ணும் நீலமும் அடி வளையத்தின் வெட்டும் ஒத்து வர வேண்டும். ஆனாலும் பழவேற்காடு டச்சுக்காரர்களின் தலைநகராக இருந்த அதே வருடங்களில் ஜிங்டெசென்னில் வட்டங்கள் காலியாக வந்தன என்பதை நினைத்தால், டப்பாவில் கிடக்கும் சில்லை அவ்வளவு எளிதாகக் கீழே வைக்க மனம் வரவில்லை.

தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவே இல்லை. "மேலேருந்து பேர் போடாதன்னு ஆர்டர் வந்திருக்கும், வட்டத்தை எடுக்கச் சொல்லி ஆர்டர் வந்திருக்காதுணா. புரோகிராம்ல அந்த லைனை மட்டும் பிளாங்க் பண்ணியிருப்பான்." லோகோ மாறும் சமயங்களில் அவனும் இப்படி ஓட்டியிருக்கிறானாம்; கட்டம் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

இன்னொரு வழியும் சூளைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். இருக்கிற அரசரைத்தானே எழுதக் கூடாது? செத்துப்போன அரசரை எழுதினால்? காங்சி காலத்துப் பாண்டங்களில் செங்ஹுவா பெயர் தாராளமாக இருக்கிறது. செங்ஹுவா ஆண்டது 1465 முதல் 1487 வரை. வம்சமே மாறி, மிங் போய் சிங் வந்தாயிற்று. ஆனாலும் அந்தப் பெயருக்கு மதிப்பு இருந்தது. சிலர் ஏமாற்றவும் எழுதினார்கள் என்பது உண்மை. முக்கால்வாசிப் பேர் மரியாதைக்கு எழுதினார்கள், 'அந்தக் காலத்துப் பக்குவத்தில் செய்தது' என்று சொல்வதைப்போல. ஜப்பானின் அரிட்டாவில்கூட 'பெரிய மிங், செங்ஹுவா' என்று எழுதி அனுப்பினார்கள், நாடே வேறு! அசல் செங்ஹுவா கிண்ணம் என்றால் விலையே தனி. சேவலும் கோழியும் குஞ்சும் தீட்டிய, உள்ளங்கை அளவுக் கிண்ணம் ஒன்று 2014 ஏப்ரலில் ஹாங்காங்கில் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் ஏலம் போனது. வாங்கியவர் அதிலேயே டீ ஊற்றிக் குடித்து, அதைப் படமும் எடுக்கவிட்டார். ஆகவே பழம்பொருள் தெரிந்தவர்கள் அடி எழுத்தைக் கடைசியில்தான் படிப்பார்கள். முதலில் எடை, பிறகு மெருகு, பிறகு அடி வளையம். எழுத்தை முதலில் படிப்பவர் ஏமாறுவதற்குத் தயாராகக் கடைக்குள் நுழைந்தவர்.

செத்துப்போன பெயர் இன்றும் நம் வீட்டில் புழக்கத்தில் இருக்கிறது. குக்கரைக் கவிழ்த்துப் பாருங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கும். ஐ.எஸ்.ஐ. என்ற நிறுவனம், இந்தியத் தர நிர்ணய நிலையம், 1947-ல் பிறந்தது. 1987-ல் அதன் இடத்தில் பி.ஐ.எஸ். வந்துவிட்டது. அலுவலகம் மாறி ஏறத்தாழ நாற்பது வருடம். முத்திரையில் மட்டும் பழைய மூன்றெழுத்து அப்படியே நிற்கிறது, ஏனென்றால் ஜனங்கள் நம்புவது அந்தப் பெயரைத்தான். சித்தியிடம் 'பி.ஐ.எஸ். பார்த்து வாங்கு' என்றால் முழிப்பார். செங்ஹுவா பெயரைச் சூளைக்காரர் விடாததற்கும் காரணம் இதுவேதான்.

படிக்கும் முறையும் பழையதுதான். முத்திரைக்கு மேலே எந்தத் தர விதிப்படி செய்தது என்ற எண். கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கி உரிம எண். அன்று அடி எழுத்து நிஜமா பொய்யா என்று தெரிந்துகொள்ள, பாண்டத்தைத் தட்டிப் பார்க்கும் காது வேண்டியிருந்தது. இன்று உரிம எண்ணை போனில் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டினால் உரிமம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். அன்று எழுத்து யாரைப் பார்த்துப் பேசியது? வாங்குகிறவரின் ஆசையைப் பார்த்து. இன்று அது இன்ஸ்பெக்டரைப் பார்த்துப் பேசுகிறது. சூப்பர் மார்க்கெட்டில் வாங்கும் ஒரு சாதாரண பீங்கான் கப்பின் அட்டைப்பெட்டியில் இருப்பதை ஒருநாள் உட்கார்ந்து படித்துப் பாருங்கள்: செய்த நாடு, இறக்குமதி செய்தவர் முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல போன் நம்பர். கப்பின் அடியில் ஒரு டம்ளரும் முள்கரண்டியும்; உணவு வைக்கலாம் என்று அர்த்தம். 'பொன்னும் மணியும் நிறையட்டும்' என்று ஒருவரும் வாழ்த்துவதில்லை.

நாட்டின் பெயரைப் பொருளில் போடு என்ற கட்டாயமும் 19-ஆம் நூற்றாண்டுச் சரக்குதான். பிரிட்டன் 1887-ல் வணிகக் குறிச் சட்டம் போட்டது. ஜெர்மானியச் சரக்கு உள்ளூர்ச் சரக்காக வேஷம் போடுவதைத் தடுக்க. இந்தியாவுக்கும் 1889-ல் அதே பெயரில் ஒரு சட்டம் வந்தது. 1891 முதல் அமெரிக்காவுக்குள் வரும் பொருளில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தாக வேண்டும் என்றானது. அதற்குப் பிறகுதான் சீனப் பாண்டத்தின் அடியில் 'சைனா' என்ற ஒற்றை ஆங்கிலச் சொல் ஏறியது. ஆயிரம் வருடம் உலகத்துக்கே பாண்டம் விற்ற நாடு, தன் பெயரைத் தன் பாண்டத்தில் அடுத்தவர் மொழியில் எழுத வேண்டிவந்தது.

அரசர் பெயரையும் நாட்டின் பெயரையும் பேசிக்கொண்டே போனால், வாங்கியவர்கள் சும்மா இருந்தார்களா என்ற கேள்வி வரும். இருக்கவில்லை. பாரசீகத்தின் ஷா அப்பாஸ் 1611-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பாண்டங்களை அர்தபில் தர்காவுக்கு எழுதிவைத்தபோது, ஒவ்வொன்றிலும் காணிக்கை வாசகத்தையும் தன் பெயரையும் வெட்டவைத்தார். மெருகு உடையாமல் எழுத்து வெட்டுவது லேசல்ல. முகலாய அரண்மனையில் ஜஹாங்கீர், ஷாஜகான் பெயர்களைக் கூரான முனையால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதினார்கள். அடியில் எழுதிய அரசர் ஒருவர், மேலே குத்திய அரசர் இன்னொருவர். ஒரே தட்டில் இரண்டு ராஜாங்கம்.

சித்தியின் அடுப்படியில் இந்த வேலை இன்றும் உயிரோடு இருக்கிறது. அவர் கல்யாணத்துக்குத் தாத்தா வாங்கிக் கொடுத்த எவர்சில்வர் தூக்கு ஒன்றை எடுத்துக் காட்டினார். விளிம்புக்குக் கீழே தாத்தாவின் இனிஷியல், சித்தி பெயர், தேதி. சின்ன உளியும் சுத்தியும் வைத்துப் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்திருப்பவர் புள்ளி புள்ளியாக வெட்டியது. ஷாஜகானுக்குச் செய்த அதே புள்ளி. இப்போது கடையில் கரண்டுப் பேனா இருக்கிறது, டர்ரென்று ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் பழைய எழுத்தில்தான் ஒவ்வொரு புள்ளியும் விரலுக்குத் தட்டுகிறது. கீழடியில் 'ஆதன்' என்று பெயர் கீறிய பானை ஓடு வந்தபோது ஊரெல்லாம் பேசினோம். அதுவும் இந்தச் சாதிதான். இது என் பானை, எடுத்தால் திருப்பிக் கொடு.

அரசர் பெயர் இருக்கிறது, கம்பெனி பெயர் இருக்கிறது, வாங்கினவர் பெயர் இருக்கிறது. செய்தவர்?

சொங் யிங்ஷிங் என்ற சீன அறிஞர் 1637-ல் வெளியிட்ட தொழில் நூலில், ஒரு கிண்ணம் முடிவதற்குள் 72 கைகள் மாறுகிறது என்று கணக்குச் சொல்கிறார். 1712-ல் ஜிங்டெசென்னிலிருந்து கடிதம் எழுதிய பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல் 70 என்கிறார். இவர் சொல்லும் ஒரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஓரத்தில் முதல் வண்ணக் கோட்டை வட்டமாக இழுப்பது மட்டுமே ஒருவர் வேலை. பூவின் வெளிக்கோடு இன்னொருவர், வண்ணம் நிரப்புவது வேறொருவர். ஆயுள் முழுக்க வட்டம் மட்டும் போட்டுவிட்டுப் போனவர்கள் இருந்திருக்கிறார்கள். 'அடுத்த ஸ்டேஷன்' என்று தம்பி சொன்னது இந்தக் கணக்கைத்தான், அவனுக்குத் தெரியாமலே. இத்தனை கையும் பட்ட பாண்டத்தில் எழுதியது சிங்காசனத்தில் இருந்த ஒருவரின் பெயர்.

அதே சீனத்தில், அதே மிங் வம்சத்தின் தொடக்கத்தில், செய்தவர் பெயரை எழுத்து எழுத்தாகப் பொறித்த மண் பொருளும் உண்டு. நாஞ்சிங் நகரச் சுவரின் செங்கல். எந்த மாவட்டம், எந்த அதிகாரி, சூளை வைத்தவர் யார், கல் அறுத்தவர் யார், எல்லாம் இருக்கும். பெருமைக்காக இல்லை. கல் நொறுங்கினால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே. உடையக் கூடாத செங்கல்லில் தொழிலாளி பெயர். உடையப் போகிற பீங்கானில் அரசர் பெயர். புகழ் வரும் இடத்தில் மேலே இருப்பவரும், பழி வரும் இடத்தில் கீழே இருப்பவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

தம்பி பொறிக்கும் எண்ணைப் பிரித்துச் சொல்லச் சொன்னேன். போனில் படம் காட்டி விரலால் நகர்த்தினான். முதல் ரெண்டும் வருஷம். அடுத்தது வாரம். அப்புறம் ஒரு எழுத்து, அது ஷிப்ட். அப்புறம் மெஷின். கடைசி ரெண்டு இலக்கம்?

"அது நான்தாண்ணா."

"உன் பேரா?"

"பேர் இல்ல, ஆபரேட்டர் கோடு. ஃபீல்டுலேருந்து கம்ப்ளெய்ன்ட் வந்தா யார் போட்டதுன்னு பார்ப்பாங்க."

"நல்லா இருந்தா?"

சிரித்தான். "நல்லா இருந்தா யாருணா திருப்பிப் பார்க்கிறான்?"

பேசிக்கொண்டே இருவரும் கரைப் பக்கம் நடந்தோம். ஏரியில் தண்ணீர் இறங்கி, படகுகள் சாய்ந்து கிடந்தன. தெற்கே காட்டுப்பள்ளி, அதைத் தாண்டி எண்ணூர். எண்ணூர்த் துறைமுகம் 2001-லும் காட்டுப்பள்ளி 2013-லும் வந்தன. கெல்டிரியாவுக்குக் கப்பல் வந்த அதே கடலில் இப்போது கன்டெய்னர் கப்பல்கள். மீஞ்சூர், பொன்னேரி ரோட்டில் பைக்கில் போகிறவர்கள் நாள் முழுக்க அந்தப் பெட்டிகளின் பின்னாலேயே போகவேண்டியிருக்கிறது. தம்பிக்குப் பெட்டி நம்பரைப் படிப்பது பொழுதுபோக்கு. முதலில் நாலு ஆங்கில எழுத்து, நாலாவது எப்போதும் 'யு'. பிறகு ஆறு இலக்கம். கடைசியில் கட்டம் கட்டிய ஒற்றை இலக்கம் ஒன்று. அது சரிபார்ப்பு எண். முன்னால் இருக்கும் பத்தையும் ஒரு கணக்கில் பெருக்கிக் கூட்டி வகுத்தால் அந்த இலக்கம் வர வேண்டும். வராவிட்டால் யாரோ தப்பாகப் படித்திருக்கிறார்கள். எண்ணே தன்னைத் தான் சரிபார்த்துக்கொள்ளும் எழுத்து. நான்ஹாய் கப்பலில் மையால் பெயர் கிறுக்கியவருக்கு இது கிடைத்திருந்தால் எவ்வளவு சச்சரவு மிச்சமாகியிருக்கும். ஒன்று மட்டும்: அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை வெளியில் இருக்கும் எண் எங்கேயும் சொல்லாது. பீங்கான் கப்பாகவே இருக்கலாம்.

திரும்பி வரும்போது வாசலில் சுண்ணாம்புக் கட்டியால் பாண்டிக் கட்டம் போட்டாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் தாவணியை ஏற்றிச் செருகிக்கொண்டு தயாராக நின்றார்கள். சில்லு என் சட்டைப் பையில் இருந்தது.

"பெரிப்பா, என் சில்லு."

ஒரு படம் எடுத்துக்கொண்டு தருகிறேன் என்றேன். வெளிச்சத்தில் பிடித்து அடியை ஒருமுறை படம் எடுத்தேன். போன் எழுத்தைத் தேடியது. இரண்டு வட்டத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'உரை எதுவும் இல்லை' என்றது. கொடுத்துவிட்டேன்.

அவள் சில்லை முதல் கட்டத்தில் போட்டாள். வட்டம் மேலாக விழுந்தது. ஒற்றைக் காலில் நொண்டி வந்து, கட்டை விரலால் அதை ஒரு தள்ளு. சிமென்ட்டில் கிரீச்சென்று ஒரு சத்தம். அடுத்த கட்டத்தில், கோட்டுக்கு அரை விரல் உள்ளே போய் நின்றது.

"லைன்ல இல்ல, லைன்ல இல்ல, பார்த்துக்கோ!" என்று கத்தினாள்.